நன்னூல் ஆசிரியரும் நாளிதழ் ஆசிரியரும்: புலனாய்வுக் குழுத் தலைமைப் பயிற்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நூல் இயற்றியவர், பாடம் சொல்பவர், இதழ் நடத்துபவர் ஆகிய மூவரையும் தமிழில் 'ஆசிரியர்' என்னும் ஒரே சொல் குறிக்கிறது. ஆயினும் புலனாய்வு இதழியலைப் பற்றிய தமிழ்ப் பேச்சில் இதழாசிரியர் துணிவுக்காகப் போற்றப்படுகிறாரேயன்றி, கற்பிப்பவர் என்னும் நிலையில் மதிப்பிடப்படுவதில்லை. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் ஆசிரியர் இலக்கணத்தையும் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தையும் அளவுகோல்களாகக் கொண்டு, அவை எவ்விடத்தில் உதவுகின்றன, எவ்விடத்தில் உதவாமற் போகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. போபர்ஸ் ஆவண வெளியீடும் (1988–89) ஆட்டோ சங்கர் தன்வரலாற்று வழக்கும் (1994) சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் சாலவாக்கம் பகுதியில் மேற்கொண்ட களப்பணி ஆய்வின் தொடக்கப்புள்ளியாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: புலனாய்வு இதழியல், ஆசிரியர், நன்னூல், ஒற்றாடல், தலைமைப் பயிற்சி, பகுதிநேரச் செய்தியாளர்.

1. ஒரு பத்திச் செய்தி

உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிப்பாசன வேளாண்மையும் கல்குவாரித் தொழிலும் அருகருகே நடைபெறுகின்றன. 2021 பிப்ரவரியில் மதூர்க் கல்குவாரியில் பாறைகள் சரிந்து உயிரிழப்பு நேர்ந்தபோது இப்பகுதி மாநில அளவில் செய்தியாயிற்று. பின்னர் வழக்கம்போல் வட்டாரப் பக்கத்துக்குத் திரும்பியது. அப்பக்கத்துக்குச் செய்தி அனுப்பும் பகுதிநேரச் செய்தியாளர்கள் சிலருடன் இக்கட்டுரையாளர் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக உரையாடினார். அவர்களுள் ஒருவர் காட்டிய கோப்பே இக்கட்டுரை எழுதப்படக் காரணம்.

அக்கோப்பில் ஒரு குவாரியின் குத்தகை ஆணை நகல், புல எண்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற பதில், லாரிகளின் நடைச்சீட்டுகளை எடுத்த ஒளிப்படங்கள் ஆகியவை இருந்தன. பல மாத உழைப்பு அது. அவர் அனுப்பிய செய்தி இறுதியில் ஒரு பத்தி அளவில், லாரிப் போக்குவரத்தால் பொதுமக்கள் அவதியுறுகின்றனர் என்னும் பொருளில் வெளியாயிற்று. புல எண் இல்லை, குத்தகை இல்லை, ஆவணம் ஏதும் இல்லை. செய்தியை யாரேனும் தடுத்தார்களா என்று வினவியபோது அவர் கூறிய விடை குறிப்பிடத்தக்கது: "போடமாட்டோம்னு சொல்லியிருந்தா ஏன்னு கேட்டிருப்பேன் சார். போட்டுட்டாங்களே."

இதனை அதிகார அழுத்தத்தால் நேர்ந்த மறைப்பு என்று உடனே முடிவு கட்டுவது எளிது. அதற்குச் சான்று இல்லை. சான்று உள்ளது வேறொன்றுக்கு: அக்கோப்பை எவரும் படித்து அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குவாரி ஆய்வொன்றை வழிநடத்தும் ஆசிரியர் கேட்க வேண்டியவை நான்கு. குத்தகைப் பரப்பு எவ்வளவு? அனுமதிக்கப்பட்ட ஆழம் எவ்வளவு? நடைச்சீட்டுகளின்படி வெளியேறிய கல்லின் கன அளவு எவ்வளவு? தோண்டப்பட்ட குழியின் கன அளவு எவ்வளவு? முதல் இரண்டுக்கும் கோப்பில் விடை இருந்தது. மூன்றாவதற்குச் சில ஒளிப்படங்களே இருந்தன. அவை மாதிரியாகுமேயன்றிக் கணக்காகா. நான்காவதற்கு ஒன்றுமில்லை. குத்தகைதாரரின் விளக்கமும் கேட்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே அச்செய்தி அன்றைய நிலையில் வெளியிடத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் வெளியிடத்தக்கதாக ஆக்கப்பட்டிருக்கக் கூடியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கச் செய்வதே புலனாய்வு ஆசிரியரின் பணி. தலைமைப் பயிற்சி என ஒன்று இருக்குமாயின் அது இதற்காகவே இருத்தல் வேண்டும்.

2. சொல்லும் சட்டமும்

1867ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், இதழில் வெளியாகும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டை உடையவரே ஆசிரியர் என வரையறுத்தது. ஒவ்வோர் இதழிலும் ஆசிரியர் பெயர் அச்சிடப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. இச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் நெடுங்காலம் நிலைத்த அவ்வரையறை பழக்கத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. தேர்ந்தெடுப்பவர், விலக்குபவர், வழக்கு வந்தால் பொறுப்பேற்பவர் என்பதே அது வரைந்த ஆசிரியர் உருவம்.

தமிழ்ச் சொல் இதனினும் விரிந்தது. ஆசிரியர் கற்பிப்பவர். இச்சொல் இதழ்த்துறைக்கு வந்தபோது மதிப்பு உடன்வந்தது, கடமை உடன்வரவில்லை. இதழாசிரியர்களைப் பற்றிய தமிழ் நூல்களும் மலர்களும் அவர்களுடைய நடை, சிறைவாசம், ஆட்சியாளரோடு நேர்ந்த மோதல் ஆகியவற்றை விரிவாகப் பதிந்துள்ளன. அவர்களிடம் பயின்ற செய்தியாளர் எதைக் கற்றார், எவ்வாறு கற்றார் என்பதற்கு அவற்றில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. துணிவைக் கொண்டாடும் இம்மரபு புலனாய்வு இதழியலுக்கு ஒரு வகையில் கேடும் விளைத்துள்ளது. துணிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பாடமாகச் செல்லாது. சரிபார்க்கும் முறை செல்லும்.

3. நன்னூல் விலக்கும் நால்வர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு அது காட்டும் உவமைகள் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன. நல்லாசிரியர் உவமைகள் பாராட்டு விழாக்களில் அடிக்கடி கேட்கப்படுபவை. பின்னவை அங்குக் கேட்கப்படுவதில்லை, காரணம் வெளிப்படை. பயிற்சிக்குப் பின்னவையே மிகுதியும் பயன்படும்.

கழற்குடம் என்பது கழற்சிக்காய் நிறைத்த குடம். இட்ட வரிசையில் காய்கள் வெளிவாரா. செய்தியாளர் கால வரிசையில் தொகுத்துத் தந்த ஆவணங்களை, எது முதலில் நிகழ்ந்தது என்றே அறியாதவாறு கலைத்து, தலைப்புக்கு ஏற்றதை முன்னே வைக்கும் ஆசிரியர் இவ்வகையினர். புலனாய்வில் வரிசையே சான்றாவதுண்டு: அனுமதி வழங்கப்பட்ட நாளுக்கு முன்பே வெட்டிய கல் வெளியேறியது என்பது இரண்டு நாள்களின் வரிசையன்றி வேறில்லை.

மடற்பனையில் எவரும் ஏறிப் பறிக்க இயலாது. பழம் தானே விழுந்தாலன்றிப் பயன் இல்லை. எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு உள்ளது, எந்த வழக்குரைஞர் வரைவைப் படித்துத் தருவார், எந்த மூலம் முன்பு பொய்த்தது என்பவற்றையெல்லாம் அறிந்தும் வாய்திறவாத மூத்த ஆசிரியரைச் செய்தி அறைகளில் பணியாற்றிய எவரும் இனங்காண்பர்.

பருத்திக் குண்டிகை, பஞ்சு அடைத்த குடுக்கை. இடுவதும் அரிது, எடுப்பதும் அரிது, வருவதும் சிறிது சிறிதாகவே. ஆசிரியர் ஒரு நாள் ஒரு திருத்தம், மறுநாள் மற்றொரு திருத்தம் என்று கூறிக்கொண்டே செல்ல, செய்தி தன் பருவத்தை இழக்கிறது. நிலம் பருவத்தும் முயற்சியளவினும் பயன்தருவது என்று நன்னூல் நல்லாசிரியருக்குக் கூறியதன் எதிர்நிலை இது.

நான்காவது உவமையே மிகக் கடுமையானது. முடத்தெங்கு ஒருவர் தோட்டத்தில் நின்று நீர் பெற்று, வளைந்து மற்றொருவர் தோட்டத்தில் காய்களை உதிர்ப்பது. உழைப்பை ஊட்டியவர் ஒருவர், பலனடைந்தவர் வேறொருவர். வட்டச் செய்தியாளர் தொகுத்த ஆவணம் தலைநகரச் செய்தியாளரின் பெயரில் வெளிவருவது இதன் ஒரு வடிவம். ஆவணத்தை வெளியிடாமல், அதனைக் காட்டி விளம்பரம் பெறுவது மற்றொரு வடிவம். இரண்டாவதைப் பற்றி இதழ்த்துறையில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்படுகிறது.

எனினும் நன்னூலை அப்படியே பயிற்சிக் கையேடாகக் கொள்ள இயலாது. 'நம் முன்னோர் அன்றே கூறினர்' என்னும் மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் ஆய்விதழ்களில் மிகுதி. அவ்வழக்கத்துக்கு இக்கட்டுரையாளரும் முன்பு ஆளானவரே. நன்னூலின் மாணாக்கன் குளிர்காய்பவனைப்போல் ஆசிரியரை விட்டு மிக நீங்காமலும் மிக நெருங்காமலும் நிற்பவன். உடன்பயில்வோருடன் வினவியும் விடையிறுத்தும் கற்க அவனுக்கு இடமுண்டு. ஆசிரியர் தவறினார் எனில் அதனை அவரிடமே எடுத்துரைக்கும் கடமை அவனுக்கு விதிக்கப்படவில்லை. புலனாய்வுக் குழுவின் உயிர்நாடி அக்கடமையே. களத்தில் இருந்தவர் ஐயமுற்றால், ஆசிரியர் எவ்வளவு ஆர்வத்துடன் இருப்பினும் செய்தி நிற்க வேண்டும். ஆகவே ஆசிரியருக்கு நன்னூல் தரும் இலக்கணத்தைக் கொள்ளலாம். மாணாக்கருக்குத் தரும் இலக்கணத்தை இவ்விடத்தில் திருத்தியே கொள்ளல் வேண்டும்.

4. ஒற்றாடல்: சரிபார்த்தலும் பெயர் மறைத்தலும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலை இதழியலோடு பொருத்துவது புதிதன்று. பெரும்பாலும் அது செய்தி திரட்டும் திறனைப் புகழவே பொருத்தப்படுகிறது. அதிகாரத்தின் இறுதி மூன்று குறள்கள் (588–590) திரட்டுபவரைப் பற்றியவை அல்ல, அவரை ஆள்பவரைப் பற்றியவை என்பது கவனத்துக்குரியது. ஓர் ஒற்றர் கொணர்ந்ததை வேறோர் ஒற்றரைக் கொண்டு ஒப்பிட்டறிதல், ஒருவரையொருவர் அறியாதவாறு மூவரை ஆண்டு அவர்தம் சொற்கள் ஒத்தவழி ஏற்றல், ஒற்றருக்குச் சிறப்பைப் பிறரறியச் செய்யாதிருத்தல் என்பன அவற்றின் கருத்துகள்.

முதல் இரண்டும் ஒன்றையொன்று சாராத மூலங்கள் என்னும் இன்றைய நெறியோடு ஒத்துச் செல்கின்றன. மூன்று பேர் கூறினர் என்பது போதாது. மூவரும் ஒரே தேநீர்க் கடையில் கேட்டதைக் கூறினரா என்பதையும் அறிதல் வேண்டும். மூன்றாவது கருத்து சாலவாக்கம் போன்ற ஊர்களில் கூர்மை பெறுகிறது. செய்தியின் தலையில் செய்தியாளர் பெயர் இடுவது நகரத்தில் சிறப்பு. குவாரிக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் குடியிருப்பவருக்கு அது முகவரி அறிவிப்பு. பெயரிடாமல் விடுவதோ மேற்கண்ட முடத்தெங்குக் குற்றமாகிவிடக்கூடும். இவ்விரு தீங்குகளுக்கும் இடையே முடிவெடுக்கும்போது சம்பந்தப்பட்டவரையே கேட்டு முடிவெடுத்தல் தலைமைப் பண்பு. குறள் இதனைக் கூறவில்லை. அங்கு முடிவு அரசனுடையது, பெறப்பட்ட அறிவும் அவனுடையதே. இதழியலில் அவ்வறிவுக்கு உரியவர் வாசகர்.

5. இரண்டு வழக்குகள்

போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தத்தில் கையூட்டு வழங்கப்பட்டதாக ஸ்வீடன் வானொலி 1987 ஏப்ரலில் அறிவித்தது. சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' 1988இல் அது தொடர்பான ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்பிரமணியம் ஆவணங்களைப் பெற்றார். சென்னையில் இணையாசிரியர் என். ராம் அப்பணியை வழிநடத்தினார். ஆவணங்களையே உருவப்படமாக அச்சிட்டு வாசகர் முன் வைத்தது இந்திய இதழியலில் பெரும் முன்னுதாரணம். 1989 அக்டோபரில், தொடர் ஒன்றின் அடுத்த பகுதியை வெளியிடாமல் ஆசிரியர் ஜி. கஸ்தூரி நிறுத்தினார். ராம் அம்முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார். சித்ரா சுப்பிரமணியம் தம் பணியைப் பின்னர் வேறு நாளிதழில் தொடர்ந்தார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் துணிவு, பணிவு என்னும் இருமையில் வைத்தே பேசப்படுகிறது. நிறுத்தியது சரியா தவறா என்னும் வினாவை இங்கு ஒதுக்கிவைக்கலாம். நிறுத்தும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு. சட்டமும் அவ்வாறே கூறிற்று. குழுவில் உள்ளோர் அம்முடிவை எதிர்கொள்ள நிறுவனத்துக்குள் என்ன வழி இருந்தது என்பதே பயிற்சிக்குரிய வினா. கருத்து வேறுபாட்டுக்கு உள்ளே இடமில்லாதபோது அது வெளியே வரும். வெளியே வந்தபின் குழு எஞ்சுவதில்லை.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆவணங்களைத் தந்தவர் ஸ்வீடன் காவல்துறைத் தலைவராக இருந்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012 ஏப்ரலில், அவரே இசைந்து அளித்த நேர்காணலில் வெளியாயிற்று. கால் நூற்றாண்டுக் காலம் அவர் பெயர் காக்கப்பட்டது என்பது ஒற்றாடலின் இறுதிக் குறளுக்கு இக்காலத்தில் கிடைத்த ஒரு சிறந்த உரை. அதே நேர்காணலில் அவர், பிறர் மேற்கொண்ட இடரைப் பொருட்படுத்தாமல் நாளிதழ் தனக்கு வாய்ப்பான நேரத்தில் ஆவணங்களை வெளியிட்டது என்று மனக்குறையும் தெரிவித்தார். இது ஒரு தரப்பின் கூற்று. நாளிதழின் நிலையிலிருந்து நோக்கினால் ஒவ்வோர் ஆவணத்தையும் சரிபார்க்கக் காலம் தேவை. ஆயினும் இடரைச் சுமப்பவர் ஒருவர், நேரத்தைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்னும் அவ்வமைப்பு கவனிக்கத்தக்கது. ஜெனீவாவுக்கும் சென்னைக்கும் இடையே இருந்த அவ்வமைப்பே சாலவாக்கத்துக்கும் மாவட்டத் தலைநகருக்கும் இடையேயும் உள்ளது.

இரண்டாவது வழக்கு தமிழ் வார இதழ் ஒன்றுடையது. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' முற்பட்டபோது சிறைத்துறை உயரலுவலர் எதிர்ப்புத் தெரிவித்தார். அதில் காவல், சிறை அலுவலர்கள் சிலரின் தொடர்புகள் கூறப்பட்டிருந்தன. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரது இசைவின்றியும் வெளியிடலாம், அவதூறு நேரும் என அஞ்சி அலுவலர்கள் முன்கூட்டியே தடைபெற இயலாது, ஆவணத்துக்கு அப்பால் தனிவாழ்க்கைக்குள் சென்றால் விளைவை ஏற்க வேண்டும் என்பன அதன் சாரம்.

தமிழ் இதழியல் பாடங்களில் இத்தீர்ப்பு கருத்துரிமைக்கும் அந்தரங்க உரிமைக்கும் சான்றாகக் கற்பிக்கப்படுகிறது, அது முறையே. ஆனால் அதன் மற்றொரு கூறு போதிய கவனம் பெறவில்லை. பொது அலுவலரின் அலுவல் சார்ந்த செய்தியில் பிழை நேர்ந்துவிடினும், நியாயமான அளவு சரிபார்த்த பின்னரே எழுதினார் என்று செய்தியாளர் நிறுவினால் அது காப்பாகும் என நீதிமன்றம் கூறிற்று. உண்மை என மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை; சரிபார்த்ததை மெய்ப்பிக்க வேண்டும். எனவே எந்த நாளில் யாரைக் கேட்டோம், எந்த ஆவணத்தை எதனோடு ஒப்பிட்டோம், எதிர்த்தரப்புக்கு எவ்வளவு காலம் தந்தோம் என்னும் குறிப்பேடு செய்தியைப் போன்றே இன்றியமையாதது. இக்குறிப்பேட்டை எழுதப் பழக்குதல் ஆசிரியர் கற்பிக்கக்கூடிய, கற்பித்தே ஆகவேண்டிய ஒன்று. நக்கீரன் கோபாலின் பெயர் வீரப்பன் காட்டுப் பயணங்களோடும் 2003இல் பொடா சட்டத்தின்கீழ் நேர்ந்த கைதோடும் இணைத்தே நினைக்கப்படுகிறது. அவ்விதழின் வழக்குக் கட்டுகளே இதழியல் மாணவருக்கு அதனினும் பயன்மிக்க பாடநூல் எனத் தோன்றுகிறது.

6. கணக்குக் காட்டுதல்

அமெரிக்காவில் 1976இல் டான் போல்ஸ் என்னும் செய்தியாளர் வெடிகுண்டால் கொல்லப்பட்டபோது, பல நாளிதழ்களின் செய்தியாளர்கள் ராபர்ட் கிரீன் தலைமையில் அரிசோனாவில் கூடி அவர் விட்ட பணியைத் தொடர்ந்தனர். 2019இல் 'ஃபார்பிடன் ஸ்டோரீஸ்' அமைப்பு அதே முறையில் மேற்கொண்ட பன்னாட்டுக் கூட்டுப்பணியில் தமிழ்நாட்டுக் கடற்கரைத் தாதுமணல் பற்றிய பகுதியும் இடம்பெற்றது. அப்பொருள் பற்றி 2017இல் தனித்து எழுதிய சந்தியா ரவிசங்கர் எதிர்கொண்ட அச்சுறுத்தல்களை ஆய்வாளர் அறிவர். இக்கூட்டுமுறைகள் பாராட்டுக்குரியவை. ஆனால் அவற்றிலிருந்து உருவாகும் தலைமைப் பயிற்சிகள் ஊதியம் பெறும் குழு ஒன்று இருப்பதாகக் கொண்டே தொடங்குகின்றன. 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் இதழியலைத் தலையாய தொழிலாகக் கொண்டவரையே தன் வரையறைக்குள் கொணர்ந்தது. செய்திக்கு இவ்வளவு என்று பெற்று, சந்தா சேர்த்து, கைபேசிக் கடையோ நிலமோ வைத்துப் பிழைக்கும் வட்டச் செய்தியாளர் அதற்குள் அடங்குவது அரிது. அவரைக் குழுவின் உறுப்பினராகக் கருதாத தலைமைப் பயிற்சி, தமிழ்ச் சூழலில் குழுவே இல்லாத தலைமைக்குத் தரும் பயிற்சியாகிவிடும்.

பாஸ்டன் நகர நாளிதழின் புலனாய்வுக் குழுவைப் பற்றி 2015இல் வெளிவந்த 'ஸ்பாட்லைட்' திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. பாதிரியார்களின் குற்றங்கள் பற்றிய குறிப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே தம் நாளிதழுக்கு வந்து, உட்பக்கத்தில் சிறு செய்தியாகப் புதைந்ததையும், அக்காலத்தில் அப்பகுதியின் பொறுப்பு தம்மிடமே இருந்ததையும் குழுத்தலைவர் குழுவினர் முன் ஒப்புக்கொள்கிறார். விருதுபெற்ற அப்படத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு வேண்டிய காட்சி இதுவே. ஒரு பத்தியாகச் சுருங்கிய செய்திகளை மீண்டும் எடுத்துப் பார்க்கும் வழக்கம் எந்தச் செய்தி அறையில் உள்ளது?

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் செல்பவர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுகளைக் காணலாம். குடவோலை முறைக்காகப் புகழ்பெற்ற அவற்றைச் சனநாயகத்தின் தொட்டில் எனப் போற்றும் கூற்றை இங்கு மீண்டும் கூற வேண்டியதில்லை. நிலமும் வேத அறிவும் உடைய ஆடவருக்கே அம்முறை இடம் தந்தது. அதன் ஒரு விதி மட்டும் ஈண்டுப் பொருந்தும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுமுறை வாரியத்தில் இடம்பெறலாகாது. தகுதி, துணிவாலன்றி, முன்பு ஏற்ற பொறுப்புக்குக் காட்டிய கணக்கால் அளக்கப்பட்டது. 919ஆம் ஆண்டு வகுத்த விதிகளில் குறை கண்டு 921இலேயே திருத்தி மீண்டும் கல்லில் வெட்டினர் என்பதும் நினைக்கத்தக்கது.

இதழாசிரியருக்கு இத்தகைய கணக்கு எதுவாக இருக்கும்? ஓராண்டில் தமக்கு வந்த புலனாய்வுக் கோப்புகள் எத்தனை, அவற்றுள் படித்துக் கேள்வி எழுதித் திருப்பியவை எத்தனை, நிறுத்தியவை எத்தனை, நிறுத்தியதற்கான காரணத்தைச் செய்தியாளருக்கு எழுத்தில் தெரிவித்தவை எத்தனை என்பதாக அது அமையலாம். பயிற்சிக்கு வரும் ஆசிரியர் முதல் நாளில் கொணர வேண்டியது இக்கணக்கே. பலருக்கு அது வெற்றுத்தாளாகவே இருக்கும் எனத் தோன்றுகிறது.

மேற்குறித்த செய்தியாளரிடம் அந்நான்கு கேள்விகளையும் இக்கட்டுரையாளர் எழுதிக் கொடுத்தார். அவர் நான்காவதைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, குழியை அளப்பதற்கு உள்ளே இறங்க வேண்டியதில்லை, செயற்கைக்கோள் படத்திலிருந்து பரப்பையும் சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வறிக்கையிலிருந்து ஆழத்தையும் எடுக்க இயலுமா என்று கேட்டார். அவ்வறிக்கையின் நகலுக்கு விண்ணப்பித்துள்ளார். சட்டப்படி முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும்.